லயத்துக்கு எட்டாத மழைக்கணக்கு

தேயிலைத் தோட்டத்தில் மழையை அளப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. எஸ்டேட் ஆபீசுக்குப் பக்கத்தில், மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் ஒரு மழைமானி நிற்கும். காலையில் ஒருவர் போய், அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். துரைமார் காலத்தில் இஞ்சுக் கணக்கு, இப்போது மில்லிமீட்டர். உரம் எப்போது, கவாத்து எப்போது, கொழுந்து எவ்வளவு வரும் என்று தோட்டம் போடுகிற கணக்குகளில் மழைக்கணக்கும் ஒன்று. மூணாறு மலைகளில் அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

2020 ஆகஸ்ட் 6 அன்று, மூணாறிலிருந்து ராஜமலையைத் தாண்டிப் போகிற பெட்டிமுடியில் ஒரே நாளில் 600 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். தூத்துக்குடியை ஒப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பெட்டிமுடி லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்களில் பலருடைய பூர்விகம் அந்த மாவட்டத்தின் கயத்தாறு. வானம் பார்த்த பூமியிலிருந்து பிழைக்க மலையேறிய குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை அவர்கள்.

அன்று இரவு பத்தே முக்கால் மணி அளவில் மேலே மலை உடைந்து, பாறையும் சேறுமாக இறங்கி, நான்கு லயங்களை மூடியது. பலர் உறக்கத்திலேயே போனார்கள். மின்சாரம் இல்லை, செல்போன் டவரும் செத்திருந்தது. விடியற்காலையில் ஆட்கள் நடந்தே போய்ச் சொன்ன பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. பெரியவாரையில் பாலம் போயிருந்ததால் மீட்புக்கு வந்த வண்டிகளும் திணறின. இறந்தவர்கள் 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன. சில, ஆற்றோடு பல கிலோமீட்டர் போய்க் கிடந்தன. நான்கு பேர் இன்றுவரை கிடைக்கவில்லை. தன்னை வளர்த்த குடும்பத்துக் குழந்தையைத் தேடி அலைந்து, ஆற்றோரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்த கூவி என்ற நாயைக் கேரளமே அறியும். அந்த நாயை நினைவில் வைத்திருக்கும் பலருக்கு இறந்தவர்கள் யார், ஏன் அந்த இடத்தில் படுத்திருந்தார்கள் என்பது நினைவில் இல்லை.

அந்த 600 மி.மீ. என்ற எண் வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அளந்தவர்கள் மீது குற்றம் சொல்லவில்லை. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கும் மழைமானி நள்ளிரவுச் சரிவை முன்கூட்டிச் சொல்லாது. ஆனால், மழை அன்று ஒரே நாளில் முளைத்ததல்ல. அதற்கு முந்தைய நாள்களிலும் விடாமல் பெய்தது. மண் ஏற்கெனவே நீர் கோத்து நின்றது. அந்த நாள்களின் கணக்கும் ஏட்டில் ஏறியிருக்கும். ஏட்டில் ஏறியது லயத்துக்கு இறங்கவில்லை. மழையைப் பற்றிய அறிவுக்கு இந்த மலையில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அது கொழுந்துக்காக அளக்கப்பட்டது, ஆளுக்காக அளக்கப்படவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்

மூணாறு என்ற பெயரே மூன்று ஆறுகள் கூடுமிடம் என்று சொல்கிறது: முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை. ஆறுகள் கூடும் பள்ளத்தில் ஊரை வைத்துக்கொண்டு வெள்ளம் வருகிறதே என்று வியப்பதில் பொருளில்லை. கேரளத்தில் இன்றும் பெரியவர்கள் ‘தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம்’ என்று சொல்வது 1924 ஜூலை வெள்ளத்தை. கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதம். ஏறத்தாழ மூன்று வாரம் அடங்காமல் பெய்த மழை அது.

அப்போது மூணாறில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று அதற்குப் பெயர். 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908-ல் குறுகிய பாதை ரயிலாக மாறியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை தேயிலைப் பெட்டிகள் ரயிலில் போகும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி, குரங்கணிப் பக்கம் மலையடிவாரத்துக்கு இறங்கும், பிறகு போடிநாயக்கனூர், கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம். கங்காணிகள் ஆள் பிடித்து மலையேற்றிய தெற்குச் சீமைக்கே தேயிலை பெட்டி பெட்டியாக இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலைத் துடைத்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவே இல்லை. பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம்.

போனது ரயில் மட்டுமல்ல. ஆலுவாவிலிருந்து கோதமங்கலம், பூயம்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு வந்துகொண்டிருந்த பழைய ராஜபாதையையும் கரிந்திரி மலைச் சரிவு விழுங்கியது. அதைச் செப்பனிடுவதைக் கைவிட்டு, நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் பாலம் கட்டி, அடிமாலி வழியாகப் புதுப் பாதை போட்டார்கள். 1935-ல் திறந்த அந்த வழியாகத்தான் இன்றும் சுற்றுலா வண்டிகள் ஏறுகின்றன.

இதில் நான் கவனிப்பது வேறொன்று. மலை அடித்துக் காட்டியதும் ரயிலைக் கைவிட்டார்கள். சாலையை வேறு பக்கம் திருப்பினார்கள். மலை சொன்னதை முதலாளியும் கேட்டார், திருவிதாங்கூர் சர்க்காரும் கேட்டது. லயங்களின் இடம் மட்டும் அப்படி யோசிக்கப்படவில்லை. செங்குத்தான மலையில் பத்துப் பன்னிரண்டு வீடுகளை ஒரே வரிசையாகக் கட்டச் சமதளம் வேண்டும், தண்ணீர் பக்கத்தில் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது ஓடை இறங்கிவரும் வாயில்தான். அங்கே சமதளம் எப்படி வந்தது? என்றைக்கோ மேலிருந்து உருண்டு வந்த மண்ணும் கல்லும் நிரவியதால் பெரும்பாலும் வந்திருக்கும். அதாவது, பழைய சரிவின் மடியிலேயே வீடு.

மேலே நடப்பதும் மர்மமல்ல. கடினப் பாறையின் மேல் சில மீட்டர் கனத்துக்கு மண் போர்த்திய மலைகள் இவை. ஓடை பிறக்கும் குழிவுகளில் மண் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். நாள்கணக்காகப் பெய்யும் மழை உள்ளே இறங்கிப் பாறையில் முட்டி நிற்கும்போது, மண் துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறி, பிடிமானம் விட்டுப்போகிறது. சில இடங்களில் தரைக்கு அடியில் நீர் குழாய் போலக் குடைந்துகொண்டு ஓடும். மூணாறு இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் இதைத் திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் ஆராய்ந்திருக்கிறது. மலை இப்படி உடைந்து இறங்குவதை மலையாளத்தில் ‘உருள்பொட்டல்’ என்கிறார்கள். உருண்டு வந்து வெடிப்பது. நம் ‘நிலச்சரிவு’ என்ற சொல்லில் அந்தச் சத்தமே இல்லை.

ஒரு மாவட்டத்துக்கு ஒரே நிறம்

தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் பாலக்காடும் இடுக்கியும் கேரளத்தின் இரண்டு வாசல்கள். அவை ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதில்லை. நடுவே ஆனைமலையும், திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களின் மலைக்காடுகளும், இந்தப் பக்கம் நம் வால்பாறையும் கிடக்கின்றன. ஆனால் காற்றின் கணக்கில் இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு வழிவிடுகிறது. பொள்ளாச்சியும் உடுமலையும் அறிந்த ஆடிக்காற்று அந்த வழியாக வருவது. இடுக்கியில் வழியே கிடையாது. அரபிக் கடலிலிருந்து வரும் மேகம் சுவரில் மோதி அங்கேயே கொட்டிவிட்டு, போடிக்கும் கம்பத்துக்கும் சாரலைத்தான் மிச்சம் அனுப்புகிறது.

வழிவிட்ட இடத்துக்கும் தண்டனை உண்டு. கோடையில் தமிழ்நாட்டுச் சமவெளியின் அனல் அதே கணவாய் வழியாக எதிர்த்திசையில் நுழைகிறது. 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் 41.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2024 ஏப்ரல் கடைசியிலும் அங்கே வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. கேரளம் என்றாலே தென்னை நிழலும் மழையும் என்று நினைப்பவர்கள் ஏப்ரலில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். கேரளத்துக்குள் இருக்கும் கொங்குச் சீமை அது. பேச்சு தமிழ், வறட்சியும் நம்முடையதே. வேலைக்குப் போனால் வெயில், போகாவிட்டால் கூலியில்லை என்ற நிலை அங்கே கோடைதோறும் இருக்கிறது. நண்பகலில் வெட்டவெளி வேலை கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் உத்தரவு போடுகிறது. நல்ல உத்தரவு. யாரோ ஒருவர் வயலில் அரைநாள் கூலிக்கு நிற்பவரிடம் அதை யார் போய்ச் சொல்வார் என்பது வேறு விஷயம்.

கணவாயின் தெற்குத் தோளில் இருக்கிறது நெல்லியாம்பதி. 2018 ஆகஸ்ட் 16 அன்று, நெம்மாறை அருகே அளுவாச்சேரியில் மண் சரிந்து பத்துப் பேர் இறந்தார்கள். அதே நாள்களில் நெம்மாறையிலிருந்து போத்துண்டி வழியாக மேலே போகும் ஒரே சாலை பல இடங்களில் அறுந்துபோக, நெல்லியாம்பதித் தோட்டங்கள் தனித்தீவாயின. அரிசியையும் மருந்தையும் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டியிருந்தது, ஹெலிகாப்டரும் வந்தது. அந்த வருடம் மூணாறில் குறிஞ்சி பூக்கிற வருடம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டத்துக்காக லாட்ஜுகளும் ஜீப்புகளும் காத்திருந்த நேரத்தில் வெள்ளத்தால் ஊரே வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. வெள்ளம் வடிந்த பிறகு பூ பூத்தது. பார்க்க வந்தவர்கள் எதிர்பார்த்ததில் சிறு பங்குதான்.

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். வானிலைத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்யலாம் என்றால் சிவப்பு, 115.6 மி.மீ.க்கு மேல் என்றால் ஆரஞ்சு. மாவட்டத்துக்கு ஒரு நிறம். 2023-ல் குட்டம்புழையின் ஒரு பகுதி வந்து சேர்ந்ததில் இடுக்கியின் பரப்பு 4,612 சதுர கி.மீ. ஆகி, அதுவரை கேரளத்தின் பெரிய மாவட்டமாக இருந்த பாலக்காட்டைப் பின்னுக்குத் தள்ளியது. பத்திரிகைகள் அதைச் சுவையான செய்தியாகப் போட்டன. எனக்கு அதில் சுவை தெரியவில்லை. இவ்வளவு பெரிய மாவட்டத்துக்கு ஒரே நிறம் என்றால் என்ன பொருள்? மூணாறில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் அதே நாளில், 40 கி.மீ. தள்ளி மறையூர்ச் சந்தனக் காட்டில் தூறல் விழலாம். அதற்கும் அப்பால் சின்னாறு காய்ந்து கிடக்கலாம். மழை மறைவுப் பிரதேசத்துக்கும் மழை முகட்டுக்கும் சேர்த்து ஒரே சிவப்பு. மாதத்தில் நாலுமுறை சிவப்பு அறிவித்து நாலுமுறையும் நம் லயத்தில் ஒன்றும் நடக்காவிட்டால், ஐந்தாவது முறை யார் மதிப்பார்கள்?

மாதங்களை நம்பவும் முடியவில்லை. இடவப்பாதி என்றால் ஜூன், கர்க்கடகம் என்றால் பேய்மழை, ஓணம் வந்தால் வெயில் என்று பழகிய கணக்கு குலைந்துவிட்டது. இதே இடுக்கியின் கொக்கயாற்றில் மலை சரிந்தது 2021 அக்டோபர் 16-ல். வேதாரண்யத்தில் கரையேறிய கஜா புயல் 2018 நவம்பரில் தமிழ்நாட்டைக் கடந்துபோய் மூணாறிலும் கொட்டியது. இன்னொரு பக்கம் உறைபனி: 2019 ஜனவரியில் தேயிலைச் செடிகள் பல இடங்களில் கருகின. மார்ச் வந்தால் தீ. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பழைய ரயிலின் தேயிலை இறங்கியதும் அதே குரங்கணிப் பக்கம்தான். மலையில் ‘சீசன்’ என்ற சொல்லை ஓட்டல்காரர்கள் மட்டும்தான் இன்னும் நம்புகிறார்கள்.

தப்பித்த இரவுகள்

சாவு நடந்த இரவுகளைத்தான் எழுதுகிறோம். தப்பித்த இரவுகளும் பாடம் சொல்கின்றன.

பெட்டிமுடி நடந்து சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்ட் முதல் வாரத்தில், குண்டளை எஸ்டேட்டின் ஒரு டிவிஷனில் நள்ளிரவில் மலை இறங்கியது. கடைகளும் ஒரு கோயிலும் மண்ணுக்குள் போயின. சரிந்து வந்தது வட்டவடைச் சாலையில் நின்றுவிட்டதால் கீழேயிருந்த லயங்கள் பிழைத்தன. சுமார் 450 பேர் இரவோடு இரவாக மாற்றப்பட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. காரணம் நிர்வாகமல்ல, குறுக்கே ஒரு சாலை இருந்தது, அவ்வளவுதான். நூறடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இறங்கியிருந்தால் இன்னொரு பெட்டிமுடி. செய்தி இரண்டு நாளில் பக்கம் மாறிப்போனது.

2025 அக்டோபர் 25 அன்று அடிமாலி கூம்பன்பாறையில் நடந்தது வேறு மாதிரி. கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த மலையை வெட்டியிருந்த இடம். விரிசல் தெரிந்ததும் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களை முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். இரவில் ஒரு தம்பதி வீட்டுக்குத் திரும்பிய நேரத்தில் மண் சரிந்தது. கணவர் இறந்தார், மனைவி படுகாயத்தோடு மீட்கப்பட்டார். மலையை வெட்டிய விதமே காரணம் என்று ஊரார் கொதித்தார்கள். அதே நெடுஞ்சாலையில் தேவிகுளம் கேப் ரோடு 2019-லும் 2020-லும் திரும்பத் திரும்பச் சரிந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கோபம் நியாயம். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முன்கூட்டியே ஆட்களை மாற்றியிராவிட்டால் அன்று சாவு எத்தனை? விரிசலைப் பார்த்து, நம்பி, கிளப்பினார்கள். முடியும் என்பதற்குக் கூம்பன்பாறை சாட்சி. முகாமுக்குப் போனவருக்கு ஏன் வீட்டுக்குத் திரும்பத் தோன்றுகிறது என்பதற்கும் அதுவே சாட்சி. வீட்டில் பத்திரம் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. முகாமில் பாய் இருக்கிறது.

வயநாட்டில் கல்பற்றாவை மையமாகக் கொண்ட ஹியூம் சூழலியல் மையம், மாவட்டத்தில் சுமார் 200 இடங்களின் மழையளவை அன்றாடம் திரட்டிக் கணிப்பு வெளியிடுகிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிவதற்குப் பல மணி நேரம் முன்னரே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாக அம்மையம் சொன்னது. எச்சரிக்கை எங்கே நின்றது என்பது தனி விவாதம். என் கண்ணில் படுவது அந்த 200 இடங்கள்தான். மீனச்சில் ஆற்றுப் படுகையிலும் பொதுமக்களே மழைமானி வைத்து அளந்து பகிர்ந்துகொள்கிறார்கள். மூணாறில் புதிதாகத் தொடங்க வேண்டியதுகூட இல்லை. தோட்டங்களில் அளக்கிறார்கள், ஏடு இருக்கிறது, பழகிய கைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, அதை வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் எழுதிப்போட வேண்டும். மூன்று நாள் மழை இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால் இந்த லயத்தில் இருப்பவர்கள் இந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று அந்தந்த டிவிஷனுக்குத் தனியாக வரையறுக்க வேண்டும். டவர் செத்தாலும் கரண்ட் போனாலும் ஒலிக்கக் கையால் சுற்றும் சைரன் போதும். ஃபேக்டரிச் சங்குக்கு எழுந்து பழகியவர்கள் இதற்கும் எழுவார்கள்.

சொல்ல வேண்டிய மொழி ஒன்றும் உண்டு. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களின் தோட்டங்களில் வீட்டுமொழி தமிழ். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் அதே லயங்களில் குடியிருக்கிறார்கள். சிவப்பு, ஆரஞ்சு என்பதை எந்த மொழியில் அறிவித்தாலும், ‘இந்த லயத்துக்கு இன்று ராத்திரி என்ன’ என்பதை அவர்கள் மொழியில் ஒரு ஆள் வந்து சொன்னால்தான் அது எச்சரிக்கை. மற்றதெல்லாம் அறிக்கை.

நிலமில்லாதவர்களின் மலை

எளிதில் எழுதிவிட்டேன், ‘மாறிப் போக வேண்டும்’ என்று. எங்கே போவது?

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். அது கம்பெனி கம்பெனியாகக் கைமாறியது. 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டுத் தோட்டத்துக்குத் தேவையானதைத் தவிர மிச்ச நிலத்தை மீட்டது. 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள கம்பெனி வந்தது. இத்தனை மாற்றத்திலும் ஒன்று மாறவில்லை: வேலை இருக்கும்வரை லயம், ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால்தான் வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும் என்று அடுத்த தலைமுறையும் கொழுந்துக் கூடையைத் தூக்குகிறது. 2015-ல் மூணாறின் பெண்கள் சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டு ‘பொம்பிளை ஒருமை’ என்று தெருவில் உட்கார்ந்தபோது போனஸ் கேட்டார்கள், கூலி கேட்டார்கள். லயத்தில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதையும் நாடு அப்போதுதான் எட்டிப் பார்த்தது. அந்தப் பெண்களில் எத்தனை பேர் ஓடை வாயில் குடியிருக்கிறார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிய பெரிய விவாதமும் அவர்களை விட்டுவிட்டே நடந்தது. மாதவ் காட்கில் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. கஸ்தூரிரங்கன் குழு 2013-ல். இடுக்கியில் கடையடைப்பும் ஊர்வலமுமாக எதிர்ப்பு கிளம்பியது. தேர்தலையே அது தீர்மானித்தது. நிலம் உள்ள விவசாயிக்கும் காட்டுக்கும் இடையிலான சண்டையாக அது சித்திரிக்கப்பட்டது. நிலமே இல்லாதவர், மலையை ஒரு மண்வெட்டிகூடத் தன் விருப்பத்துக்கு வெட்டாதவர், அந்த மலை சரிந்தால் முதலில் புதைபவர். அவருடைய பேச்சு எந்தப் பக்கத்துக்கும் தேவைப்படவில்லை.

பெட்டிமுடியில் உயிர் தப்பியவர்களுக்குக் குட்டியார்வாலியில் அரசு நிலம் கொடுக்க, எட்டு வீடுகளைக் கம்பெனி கட்டிக்கொடுத்தது. வரவேற்கிறேன். ஆனால் செத்த பிறகு கிடைக்கிற ஐந்து சென்ட், சாவதற்கு முன் ஏன் கிடைக்கவில்லை? சரிவுக்கு மறுநாள் மாலை கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. அங்கே இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். இந்த வேறுபாட்டை அப்போதே பலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு விளக்கம் கிடைத்திருக்கலாம். கயத்தாற்றிலிருந்து கரோனா காலத்து இ-பாஸ் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போய் உடல் தேடியவர்களுக்கு அது விளங்கியிருக்காது.

தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே இடுக்கி என்றால் நமக்கு முல்லைப் பெரியாறு. 1895-ல் கட்டிய அணை. 1979-லிருந்து இரு மாநிலமும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன. வைகைப் பாசனம் அதில் அடங்கியிருப்பதால் நம் கவலையில் தவறில்லை. ஆனால் இன்னும் உடையாத ஓர் அணையைப் பற்றி நாற்பது வருடத்துக்கு மேலாகப் பேசிய வாய்கள், ஏற்கெனவே உடைந்த மலைகளைப் பற்றி எவ்வளவு பேசின? முண்டக்கை அழிந்த அதே 2024 ஜூலை 30 அன்று, வால்பாறை சோலையாறு அணைப் பகுதியில் வீட்டின் மேல் மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். மாநிலத்திலேயே அதிகம் மழை பெறும் சின்னக்கல்லாறு அதே வட்டாரம். அங்கேயும் தோட்டம், அங்கேயும் லைன் வீடு, அங்கேயும் மழைமானி. கேரளத்தைப் பார்த்துச் சொல்கிற எதையும் நம் தோட்டங்களில் செய்துவிட்டுச் சொன்னால் கேட்பார்கள்.

மழைநாளில் இடம் மாறுகிறவருக்கு அன்றைய கூலி உண்டு என்று அரசும் கம்பெனியும் எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சரிக்கை பொய்க்கும் ஒவ்வொரு முறையும் நஷ்டம் கொழுந்து பறிப்பவருடையது. அதற்கும் முன்னால் செய்யக்கூடிய, காசு அதிகம் கேட்காத காரியம் ஒன்று உண்டு. தேவிகுளம் தாலுகாவில் ஓடை வாயிலும் சரிவுப் பாதையிலும் இருக்கிற லயங்கள் எவை எவை என்ற பட்டியலை, டிவிஷன் வாரியாக, தமிழில், வருகிற இடவப்பாதிக்கு முன் வெளியிடட்டும். அப்படியொரு பட்டியலில் தங்கள் லயத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கப் பெட்டிமுடிக்காரர்களுக்கு வாய்க்கவில்லை.